ஒரு கையால் பந்தெறிந்தவர் - ஜிம் அபாட்

“முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?” என்று பெரியவர்கள் கூற நாம் கேட்டிருக்கிறோம். எட்டாத ஒன்றை விரும்புகிறவரைப் பார்த்துச் சொல்லும் பழமொழி இது. பேச்சோடு பேச்சாக வந்து போகும் இச்சொற்களைச் சற்று நிறுத்திச் சிந்தித்தால் சில கேள்விகள் எழுகின்றன. கொம்பிலுள்ள தேனை எடுக்கக் கால்கள் மட்டுந்தானா வழி? ஏணி ஒன்று இல்லையா? நீண்ட கழி ஒன்று இல்லையா? உடன் நின்று தோள் கொடுப்பார் ஒருவரும் இல்லையா?

இக்கேள்விகளுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை விடை கூறுகிறது. அவர் பெயர் ஜிம் அபாட். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் விளையாட்டில், 1989ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தில், மிக உயர்ந்த நிலைப் போட்டிகளில் பத்துப் பருவங்கள் பந்தெறிந்தவர். அவர் பிறந்தபோதே வலக் கை மணிக்கட்டருகே முடிந்திருந்தது. அவருடைய வெற்றிகளையும், வெற்றிகளை விட எண்ணிக்கையில் மிகுந்த தோல்விகளையும், இவ்விரண்டும் நமக்குக் கற்பிப்பவற்றையும் இங்கே காண்போம்.

ஆட்டத்தை அறிவோம்

நம் நாட்டில் பேஸ்பால் பரவலாக ஆடப்படுவதில்லை. ஆகவே முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வது நலம். கிரிக்கெட்டை அறிந்த நமக்கு இது கடினமன்று.

ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஓர் ஆட்டத்தில் ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பேர் ஆட்டமிழந்ததும் மட்டை பிடிக்கும் முறை அடுத்த அணிக்குப் போகும். ஆக, ஓர் அணியை ஒன்பது சுற்றுகளிலும் வீழ்த்த வேண்டுமானால் 27 பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும்.

கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பி வரும். பேஸ்பாலிலோ தரையில் படாமல் நேரே மட்டையாளரை நோக்கிப் பாயும். சிறிய மேடு ஒன்றின் மேல் நிற்கும் எறிவாளர், 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எறிகிறார். தேர்ந்தவர் எறியும் பந்து மணிக்கு 90 மைல் வேகத்தில் போகும். மட்டையாளரை அடைய அரை நொடி கூட ஆகாது. நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே தவறாக எறிந்துவிட்டால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து போகலாம். மட்டையாளர் தம் அடியின் வலிமையால் பந்தை விலக்கி விட்டுத் தளத்தைப் பத்திரமாக அடைந்தால் அதற்கு ‘ஹிட்’ என்று பெயர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எறிவாளரின் வேலை எறிவதோடு முடிந்து விடுவதில்லை. அடிபட்ட பந்து அதே வேகத்தில் அவர் முகத்தை நோக்கியே திரும்பி வரக்கூடும். ஆகவே எறியும் கை ஒன்று. தோலால் செய்த தடித்த கையுறையை அணிந்து பந்தைப் பிடிக்கும் கை மற்றொன்று. இரு கைகளுக்கும் இரு வேலைகள். ஒரு கை மட்டுமே உள்ளவர் இந்த இரண்டையும் எப்படிச் செய்வார்?

பிறப்பும் இளமையும்

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்றொரு நகரம். மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908ஆம் ஆண்டு தோன்றியது அங்கேதான். அந்நகரில் 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஜிம் பிறந்தான். தந்தைக்கும் தாய்க்கும் அப்போது வயது பதினெட்டுதான். குழந்தைக்கு வலக் கை இல்லை என்று கண்டபோது அந்த இளம் பெற்றோரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் பெற்றோர் நன்கு உணர்வார்கள்.

மருத்துவர்கள் கொக்கி பொருத்திய செயற்கைக் கை ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். சிறுவன் ஜிம்முக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டு விலகினார்கள். விளையாட்டுக்கும் அது உதவவில்லை. பள்ளியில் சேர்ந்த சிறிது காலத்திற்குள் அதைக் கழற்றி வைத்து விட்டான். பெற்றோரும் வற்புறுத்தவில்லை. “உன்னால் முடியாது” என்று சொல்லி அவனை வீட்டுக்குள் அமர்த்தி வைக்கவும் இல்லை. தெருவில் மற்றப் பிள்ளைகள் என்ன ஆடினார்களோ அதையே அவனும் ஆடினான்.

தந்தையும் மகனும் சேர்ந்து வீட்டு முற்றத்தில் பந்து பிடித்துப் பழகினார்கள். துணைக்கு ஆள் இல்லாத வேளையில் செங்கல் சுவரே தோழனாயிற்று. பந்தைச் சுவரில் எறிவான், திரும்பி வருவதைப் பிடிப்பான், மறுபடியும் எறிவான். பழகப் பழகச் சுவரை நெருங்கி நின்றான். நெருங்க நெருங்கப் பந்து விரைவாகத் திரும்பும். கையும் அவ்வளவு விரைவாக இயங்க வேண்டும். பயிற்றுநர் ஒருவரும் சொல்லிக் கொடுக்காத பாடத்தை அந்தச் சுவர் கற்றுக் கொடுத்தது.

காலணிக் கயிறு கற்றுத் தந்த பாடம்

ஜிம் மூன்றாம் வகுப்பில் பயின்றபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார். ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

காலணிக் கயிற்றை முடிச்சிடுவது இரு கை உள்ள குழந்தைக்கே எளிதன்று. ஒரு கையால் முடிச்சிட ஜிம்முக்குத் தெரியவில்லை. அவிழ்ந்தால் பிறரிடம் போய் நிற்க வேண்டும். வகுப்பாசிரியர் இதைக் கவனித்தார். “பாவம், பிள்ளை” என்று இரங்கிக் குனிந்து தாமே கட்டி விட்டிருக்கலாம். அது அரை நிமிட வேலை. அவரோ வீட்டுக்குப் போய்த் தம் கைகளில் ஒன்றை மூடி வைத்துக் கொண்டு, மற்றக் கையால் மட்டும் கயிற்றைக் கட்டிப் பார்த்தார். வராமல் மீண்டும் மீண்டும் முயன்றார். ஒரு வழி கிடைத்தது. மறுநாள் சிறுவனை வகுப்புக்கு வெளியே அழைத்துப் போய், இருவரும் அமர்ந்து அந்த முறையைப் பொறுமையாகக் கற்பித்தார். அன்றிலிருந்து ஜிம் தன் காலணியைத் தானே கட்டிக் கொண்டான்.

இரக்கத்திற்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறதல்லவா? இரங்கியிருந்தால் அன்று ஒரு முடிச்சு விழுந்திருக்கும். ஆசிரியர் தாம் ஒரு கை உள்ளவராக இருந்து பார்த்ததனால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரு வழி கிடைத்தது. கொம்புத் தேனுக்கு ஏணி செய்து கொடுப்பது என்பது இதுதான்.

கையுறை மாறிய விதம்

சுவரோடு பழகிய பழக்கத்தில் ஜிம் கண்டுபிடித்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். படிக்கும்போதே கைகளால் செய்து பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

முதலாவது, எறியும்போது கையுறையை வலக் கையின் நுனியில் மாட்டி வைத்திருப்பார். பந்து இடக் கையில் இருக்கும். இரண்டாவது, பந்து கையை விட்டுப் போன கணத்திலேயே இடக் கையைக் கையுறைக்குள் நுழைப்பார். உடல் நிமிர்வதற்குள் கையுறை ஏறிவிடும். பந்து திரும்பி வந்தால் பிடிக்க அவர் ஆயத்தம். மூன்றாவது, பந்தைப் பிடித்ததும் கையுறையை வலக் கைக்கும் மார்புக்கும் இடையே இடுக்கிக் கொள்வார். நான்காவது, கையுறையிலிருந்து இடக் கையைப் பந்தோடு உருவி எடுத்து, ஓடுகிறவரை ஆட்டமிழக்கச் செய்யும்படி உடனே தளத்திற்கு எறிவார்.

சொல்லும்போது நான்கு படிகளாகத் தோன்றினாலும் மைதானத்தில் அவை ஒரே அசைவாகவே தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் அவருக்கு ஒரு கை இல்லை என்பதையே கவனிக்காமல் போவதும் உண்டு.

எதிரணியினர் இதில் ஒரு பலவீனம் இருக்கும் என்று எண்ணினார்கள். மட்டையை ஓங்கி வீசாமல் பந்தின் எதிரே பிடித்து, மெல்லத் தட்டி எறிவாளருக்கு அருகே உருளச் செய்வது ஓர் உத்தி. அதற்குப் ‘பன்ட்’ என்று பெயர். ஒரு கை உள்ளவன் ஓடி வந்து, குனிந்து, எடுத்து, கையுறை மாற்றி எறிவதற்குள் தளத்தை அடைந்து விடலாம் என்பது அவர்கள் கணக்கு. பள்ளி நாட்களில் அடுத்தடுத்துப் பலர் இப்படிச் செய்து பார்த்தார்கள். அடுத்தடுத்து ஆட்டமிழந்தார்கள். பிறகு அந்த உத்தியை விட்டுவிட்டார்கள்.

பள்ளியிலிருந்து நாட்டின் அணிக்கு

ஃபிளிண்ட் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஜிம் பேஸ்பாலோடு அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். அதில் ஆட்டத்தை நடத்திச் செல்லும் ‘குவார்ட்டர்பேக்’ என்னும் பொறுப்பான இடம் அவருக்குக் கிடைத்தது. 1985ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்ததும் டொரான்டோ நகரின் தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவரோ உடனே பணம் ஈட்டப் போகாமல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே மூன்று ஆண்டுகளில் 26 ஆட்டங்களில் வெற்றியும் 8 ஆட்டங்களில் தோல்வியும் அவர் பெயரில் பதிவாயின. 1987ஆம் ஆண்டு அமெரிக்க அணியுடன் கியூபாவுக்குச் சென்றார். கியூபா அக்காலத்தில் பேஸ்பாலில் அசைக்க முடியாத நாடு. ஹவானா நகரில் அவர்களை ஜிம் வென்றார். கியூப மண்ணில் அந்நாட்டு அணியை ஓர் அமெரிக்க எறிவாளர் வென்றது 25 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கண்டத்து விளையாட்டு விழாவின் தொடக்க அணிவகுப்பில் தம் நாட்டின் கொடியை ஏந்திச் செல்லும் பெருமை அவருக்குக் கிடைத்தது. நாட்டின் தலைசிறந்த தொழில்முறை சாரா விளையாட்டு வீரருக்கு வழங்கப்படும் சல்லிவன் விருதும் அவ்வாண்டுக்கு அவரையே சேர்ந்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பேஸ்பால் வீரர் அவர்தாம்.

மறு ஆண்டு, 1988இல், தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. பேஸ்பால் அப்போது காட்சி ஆட்டமாகவே சேர்க்கப்பட்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானை எதிர்த்து ஒன்பது சுற்றுகளும் ஜிம்மே பந்தெறிந்தார். 5-3 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது.

உயர்ந்த அரங்கில்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் புதிதாக வருகிறவர்கள் நேரே பெரிய அணியில் ஆடுவது மிக அரிது. ‘மைனர் லீக்’ எனப்படும் சிறிய நிலைப் போட்டிகளில் சில ஆண்டுகள் பழகிய பின்பே மேலே வருவார்கள். பலர் வராமலேயே போய் விடுவதும் உண்டு. 1988ஆம் ஆண்டுத் தேர்வில் எட்டாவது இடத்தில் ஜிம்மைத் தேர்ந்தெடுத்த கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி, 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் அவரை நேரடியாகப் பெரிய ஆட்டத்தில் இறக்கியது.

அவருக்கு முன்பும் இத்தகையோர் ஓரிருவர் இருந்தனர். இடக் கையை இழந்த ஹியூ டெய்லி 1880களில் பந்தெறிந்தார். வலக் கையை இழந்த பீட் கிரே, இரண்டாம் உலகப் போரின்போது வீரர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்த 1945ஆம் ஆண்டில், செயின்ட் லூயிஸ் அணிக்காக 77 ஆட்டங்கள் ஆடினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆகவே, “கூட்டம் சேர்ப்பதற்காக இவரை எடுத்திருக்கிறார்கள்” என்று பேசியவர்களும் இருந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஜிம் தோற்றபோது அந்தப் பேச்சு உண்மையென்றே தோன்றியிருக்கும். ஆனால் அதே மாதத்தில் முதல் வெற்றியும் வந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 12 வெற்றிகளும் 12 தோல்விகளும் இருந்தன.

1991ஆம் ஆண்டு அவருடைய பொற்காலம். தொடக்கத்தில் நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. ஆயினும் அணியினர் அவரை நீக்கவில்லை. முடிவில் 18 வெற்றிகள், 11 தோல்விகள். ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரியாக அவர் விட்டுக் கொடுத்த ஓட்டங்கள் 2.89 மட்டுமே. சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதுக்குரிய வாக்கெடுப்பில், அவர் ஆடிய அமெரிக்கன் லீக் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டில் அந்தச் சராசரி 2.77 ஆக இன்னும் சிறந்தது. ஆனால் அவருடைய அணியினர் போதிய ஓட்டங்கள் எடுக்கவில்லை. ஆகவே 7 வெற்றிகளும் 15 தோல்விகளுமே கிடைத்தன. நாம் நன்றாகச் செய்தும் பலன் கிட்டாத காலம் எல்லார் வாழ்விலும் வரும் என்பதற்கு இந்த ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு சனிக்கிழமையின் சாதனை

1992ஆம் ஆண்டு டிசம்பரில் ஜிம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றப்பட்டார். புகழ் மிக்க அணி, எதிர்பார்ப்பும் மிகுதி. 1993ஆம் ஆண்டு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆகஸ்டு 29ஆம் நாள் கிளீவ்லாந்து அணியை எதிர்த்து எறிந்தபோது, நான்கு சுற்றுகள் கூட முழுமையாக முடிக்கவில்லை. அதற்குள் 7 ஓட்டங்கள் கொடுத்து வெளியேற நேர்ந்தது.

ஆறு நாட்கள் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள் சனிக்கிழமை, யாங்கீ ஸ்டேடியத்தில் அதே கிளீவ்லாந்து அணியை அவர் மீண்டும் சந்தித்தார். அன்று பந்து அவர் சொன்னபடி முழுவதும் கேட்டது என்று சொல்வதற்கில்லை. ஐந்து பேரை அடிக்காமலேயே நடந்து போக விட்டார். மூன்று பந்துகளைத் தவற விட்டு நேரே ஆட்டமிழந்தவர்கள் மூவர் மட்டுமே. ஆனால் சுற்றுக்கு மேல் சுற்றாகப் போயும் எதிரணியில் ஒருவருக்குக் கூட ஒரு ஹிட் கிடைக்கவில்லை. ஏழாம் சுற்றில் ஆல்பர்ட் பெல் தரையோடு அடித்த பந்தை மூன்றாம் தளத்திலிருந்த வேட் போக்ஸ் பாய்ந்து விழுந்து பிடித்து எறிந்தார். ஒருவர் சாதனைக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது பாருங்கள்!

ஒன்பதாம் சுற்று. இன்னும் மூன்று பேர். முதலில் வந்த கென்னி லாஃப்டன் மிக விரைவாக ஓடக் கூடியவர். அவர் மட்டையை மெல்ல நீட்டி ‘பன்ட்’ செய்ய முயன்றார். பள்ளி மைதானத்தில் எதிரணிப் பிள்ளைகள் செய்து பார்த்த அதே உத்தி! கூட்டம் கூச்சலிட்டு அதை எதிர்த்தது. அந்த முயற்சி பலிக்கவில்லை. அவர் தரையோடு அடித்து ஆட்டமிழந்தார். அடுத்தவர் ஃபெலிக்ஸ் ஃபெர்மின் நெடுந்தொலைவுக்கு அடித்த பந்தை பெர்னி வில்லியம்ஸ் ஓடிப் பிடித்தார். மூன்றாமவர் கார்லோஸ் பயர்கா அடித்த பந்து உருண்டு ராண்டி வெலார்டியிடம் வந்தது. அவர் அதை முதல் தளத்திற்கு எறிந்தார். ஆட்டம் முடிந்தது. யாங்கீஸ் 4, கிளீவ்லாந்து 0. ஹிட் ஒன்றும் கொடாத ஆட்டம்!

நல்ல எறிவாளர் பலர் வாழ்நாள் முழுவதும் ஆடியும் காணாத நாள் அது. ஆறு நாட்களுக்கு முன் தம்மைத் துரத்தியடித்த அதே அணியிடம் அதை அவர் அடைந்தார் என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி.

தோல்வியும் அவருடையதே

வீரர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்தி விடுவார்கள். நாம் நிறுத்தப் போவதில்லை. உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1996ஆம் ஆண்டு ஜிம் மீண்டும் கலிஃபோர்னியாவில் ஆடினார். அந்த ஆண்டில் 2 வெற்றிகள், 18 தோல்விகள். பந்தின் வேகம் குறைந்து விட்டது. பருவத்தின் நடுவிலேயே, ஒரு நாளும் ஆடியிராத மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். 1997ஆம் ஆண்டு தொடக்கத்தில் அணி அவரை விடுவித்தது. அவ்வாண்டு முழுவதும் அவர் ஆடவில்லை.

1998இல் திரும்பி வந்தார். இம்முறை மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் கீழுள்ள சிறு நகரத்து அணிகளில், தம்மை விடப் பத்து வயது இளையவர்களோடு ஆடினார். ஒலிம்பிக்கில் வென்றவருக்கும், நியூயார்க்கில் முழங்கிய கைதட்டலைக் கேட்டவருக்கும் அது எளிதாக இருந்திருக்காது. படிப்படியாக ஏறி, செப்டம்பரில் பெரிய அணிக்கு வந்து, தொடங்கிய ஐந்து ஆட்டங்களிலும் வென்றார்.

1999ஆம் ஆண்டு மில்வாக்கி அணியில் அவருடைய கடைசிப் பருவம். அதுவரை அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கில் எறிவாளர்கள் மட்டை பிடிக்கத் தேவையில்லை. மில்வாக்கி இருந்த நேஷனல் லீக்கிலோ அக்காலத்தில் எறிவாளரும் மட்டை பிடித்தாக வேண்டும். ஒரு கையால் மட்டை வீசி இரண்டு ஹிட்டுகள் எடுத்தார். எறிவதில் 2 வெற்றி, 8 தோல்வி. அத்துடன் ஓய்வு பெற்றார்.

மொத்தக் கணக்கு: 87 வெற்றிகள், 108 தோல்விகள். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மிகச் சில வாக்குகளே விழுந்தன. கல்லூரிப் பேஸ்பாலின் புகழ் மண்டபம் மட்டும் 2007ஆம் ஆண்டு அவரைச் சேர்த்துக் கொண்டது.

இந்தக் கணக்கைக் கண்டு நாம் வருந்த வேண்டுமா? வேண்டியதில்லை. ஓட்டங்களை எண்ணுகிறவர் “இவருக்கு ஒரு கைதானே” என்று ஒன்றைக் குறைத்து எழுதவில்லை. அவருக்கென்று இலக்கை அருகில் கொண்டு வரவும் இல்லை. 60 அடி 6 அங்குலம் எல்லாருக்கும் எப்படியோ அப்படியே அவருக்கும். நன்றாக எறிந்த ஆண்டில் வைத்துக் கொண்டார்கள். சரியாக எறியாத ஆண்டில் நீக்கினார்கள். மற்ற வீரரை எப்படி நடத்தினார்களோ அப்படியே அவரையும் நடத்தினார்கள். அவர் விரும்பியதும் அதுவே. களத்தில் இறங்கும் உரிமை என்றால் வெல்லும் உரிமை மட்டுமன்று. தோற்கும் உரிமையும் அதில் அடங்கும். எப்போதும் கைதட்டிக் கொண்டே இருந்தால், எதிரே நிற்பவரை நாம் சமமானவராக எண்ணவில்லை என்பதே பொருள்.

அவர் ஆடிக் கொண்டிருந்த காலத்திலேயே, 1990ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், அமெரிக்காவில் உடற்குறை உடையோரின் உரிமைக்கான சட்டம் கையெழுத்தாயிற்று. தகுதி இருந்தும் குறையைக் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பது குற்றம் என்றது அச்சட்டம். சட்டம் ஏட்டில் சொன்னதை அவர் மைதானத்தில் நான்கு நாட்களுக்கோ ஐந்து நாட்களுக்கோ ஒரு முறை செய்து காட்டிக் கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற குழந்தைகள்

ஜிம் எந்த நகருக்குச் சென்றாலும் அங்கே சில பெற்றோர் தம் குழந்தைகளோடு காத்திருப்பார்கள். கை இல்லாத குழந்தை, விரல்கள் இல்லாத குழந்தை, கால் குறைந்த குழந்தை. கடிதங்களும் ஆயிரக்கணக்கில் வந்தன. ஆட்டத்திற்கு முன் ஒவ்வொரு வீரரும் தனிமையில் மனத்தை ஒருமுகப்படுத்தும் நேரத்தில், அவர் அக்குழந்தைகளைச் சந்தித்துப் பேசுவார். தோற்ற நாட்களிலும் இது தொடர்ந்தது. கையுறையை எப்படி மாற்றுவது, காலணிக் கயிற்றை எப்படிக் கட்டுவது என்ற கேள்விகளுக்கு அவரிடம் விடை இருந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அன்று பள்ளியில் கொடுத்ததை அவர் நாடெங்கும் கொண்டு போய்ச் சேர்த்தார்.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றை 2012ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ‘குறையுள்ளது’ என்று பொருள்படும் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்தார். தம் சிறு மகளின் வகுப்பில் தம் தொழிலைப் பற்றிப் பேசச் சென்றபோது, அப்பாவுக்கு அந்தச் சின்னக் கையைப் பிடிக்குமா என்று மகள் எல்லார் முன்னிலையிலும் கேட்டதை அந்நூலில் கூறுகிறார். அதுவரை அவரிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லையாம். பிடிக்கும் என்று விடை சொன்னார். எப்போதும் பிடித்திருந்தது என்றில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நாம் கற்பவை

மாணவியராகிய நாம் இதிலிருந்து பேஸ்பாலைக் கற்க வேண்டியதில்லை. வேறு மூன்றைக் கற்கலாம்.

ஒன்று, முடியாது என்று தோன்றும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பார்ப்பது. கையுறை மாற்றம் நான்கு படிகள். கணக்கோ இலக்கணமோ தையலோ எதுவானாலும் அப்படிப் பிரித்தால் முதற்படி நம் கைக்கு எட்டும்.

இரண்டு, நம் அருகில் அமர்ந்திருக்கும் தோழிக்குப் பார்வையோ செவியோ நடையோ குறைவாக இருந்தால், அவள் வேலையை நாமே செய்து முடிப்பதோடு நின்று விடாமல், அவள் தானே செய்ய ஒரு வழி உண்டா என்று அவளோடு அமர்ந்து தேடுவது. விளையாட்டு வேளையில் அவளை மரத்தடியில் பைகளுக்குக் காவலாக வைத்து விடுவது அன்பாகாது.

மூன்று, தோற்ற பின்பும் மறுநாள் வந்து நிற்பது. 108 முறை தோற்றவர் 108 முறையும் மீண்டும் ஆயத்தமானார்.

இனி அந்தப் பழமொழியை யாரேனும் சொல்லக் கேட்டால், “ஆசைப்படட்டுமே! ஏணி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்” என்று நாம் விடை கூறுவோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. காலணிக் கயிற்றை ஆசிரியர் தாமே கட்டி விடாததன் பயன் என்ன?
2. 1992ஆம் ஆண்டு நன்றாக எறிந்தும் ஜிம் பல ஆட்டங்களில் தோற்றது ஏன்? இதிலிருந்து நாம் அறிவது யாது?
3. ‘தோற்கும் உரிமை’ என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குக.
4. ஒரு கையை மட்டும் கொண்டு ஒரு நாள் முழுவதும் புத்தகப் பையைத் திறந்து, எழுதி, உணவுப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். எந்த வேலைக்கு எந்த வழியைக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.